பையில் கிடக்கும் போன் யாரோடு பேசுகிறது? மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்ற வருகிறவர்கள் பசை காயும் அரை மணி நேரம் சும்மா உட்கார மாட்டார்கள், ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கொஞ்ச காலமாகப் பாதிக் கேள்விகள் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: நான் எங்கே போகிறேன், எங்கே இருக்கிறேன் என்று இந்த போனை வைத்து யாருக்காவது தெரியுமா? சொன்னதையே சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க ஊரையும் உறவையும் அங்கங்கே மாற்றியிருக்கிறேன். அதைக்கூடச் செய்யாவிட்டால் இந்தப் பக்கத்தை எழுத எனக்கென்ன தகுதி?

"லொக்கேஷனை ஆஃப் பண்ணிட்டேன் அண்ணா. இனி யாருக்கும் தெரியாதுதானே?"

ஜிபிஎஸ் என்பது போனின் காது. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரம் சொல்லிக்கொண்டே போகின்றன. அதைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைப் போன் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. உங்கள் போன் என்று ஒன்று இருப்பதே அந்தச் செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

2021-ல் ரிவால்டோ யானையை முதுமலைக் காட்டில் விட்டபோது கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி விட்டார்கள், நினைவிருக்கிறதா? அந்த மாதிரிக் காலருக்கு இரண்டு வேலை. இடத்தைத் தெரிந்துகொள்வது ஒன்று, தெரிந்ததை வெளியே அனுப்புவது இன்னொன்று. இரண்டாவது இல்லையென்றால் காலரால் வனத்துறைக்கு ஒரு பயனும் இல்லை. யானைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று ஏற்கெனவே தெரியும்.

போனில் அந்த 'வெளியே அனுப்பும்' வேலையைச் செய்யும் வாய்கள் மூன்று: டவரோடு பேசும் ரேடியோ, வைஃபை, புளூடூத். லொக்கேஷனை அணைத்தால் செயலிகளுக்கு இடம் சொல்வது நிற்கும், அது நல்லதுதான். மூன்று வாயும் பேசிக்கொண்டேதான் இருக்கும். கீழே வரும் கேள்விகள் எல்லாம் அந்த வாய்களைப் பற்றியவை.

"வைஃபை ஆன்ல இருந்தா, வாசலைத் தாண்டினாலே கடைக்காரனுக்குத் தெரியுமாமே?"

முன்பு இணைந்த வைஃபை ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று போன் அவ்வப்போது குரல் கொடுத்துப் பார்க்கும். அப்படிக் கூப்பிடும்போது தன் மேக் முகவரியையும் சேர்த்துச் சொல்லும். அது 48 பிட் எண். முன்பாதி தயாரித்த நிறுவனத்தைக் காட்டும், பின்பாதி அந்தக் கருவிக்கே உரியது. நீங்கள் எதிலும் இணைய வேண்டியதில்லை. பக்கத்தில் கேட்கிற கருவி ஒன்று இருந்தால் போதும்.

இதை வியாபாரமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2013-ல் லண்டனின் நிதி வட்டாரத்தில் விளம்பரத் திரை வைத்த குப்பைத் தொட்டிகள் சில, நடந்துபோகிறவர்களின் போன்கள் சொல்லும் மேக் முகவரிகளைக் குறித்துக்கொண்டிருந்தன. விஷயம் வெளியே வந்ததும் மாநகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. குப்பைத் தொட்டி ஆளைப் பார்க்கிறது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அதன்பின் போன் தயாரிப்பாளர்கள் முழித்துக்கொண்டார்கள். 2014-ல் வந்த ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 8, தேடும்போது பொய் முகவரி சொல்லத் தொடங்கியது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-ம் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-ம் இணையும்போதுகூட ஒவ்வொரு வைஃபைக்கும் ஒவ்வொரு பொய் முகவரி சொல்கின்றன. ஆகவே ஓரளவு புதிய போன் என்றால், வாசலைத் தாண்டியதை மட்டும் வைத்து உங்களைத் தொடர்வது கடினம்.

ஆனால் இங்கே எல்லார் கையிலும் இருப்பது புதிய போனா? அண்ணன் போன் தம்பிக்கு, தம்பி போன் அம்மாவுக்கு. எஸ்டேட் லைன் வீட்டில் இலை பறிக்கப் போகும் அம்மாவின் இடுப்புப் பையில் இருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு 8 அல்லது 9. பாதுகாப்பு கடைசியாக வந்து சேர்வது அவரிடம்தான். காதில் மாட்டும் புளூடூத் கருவியும் மலிவு வாட்சும் இன்னொரு ஓட்டை. போன் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும். கையிலிருக்கும் வாட்ச் ஒரே எண்ணை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு விஷயம் உண்டு. காபிக்கடையில் இலவச வைஃபைக்கு ஓடிபி போட்டீர்களா? அப்படியென்றால் பொய் முகவரியோடு உங்கள் உண்மையான கைபேசி எண்ணை நீங்களே முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். அந்த வைஃபைக்குப் போன் அதே பொய் முகவரியைத்தான் பெரும்பாலும் மறுபடியும் சொல்லும். அடுத்த முறை நீங்கள் உள்ளே நுழையும்போது அதற்கு உங்கள் பெயர் தெரியும்.

"பேர் இல்லாத நம்பர்தானே, அதுல என்னங்க பயம்?"

இதைத்தான் நான் நிறைய நேரம் எடுத்துப் பேசுவேன். சிக்னலில் பெயர் இருக்காது, சரி. பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்.

நல்ல பயனையும் சொல்லிவிடுகிறேன். 2016 கடைசியில் லண்டன் சுரங்க ரயில் நிர்வாகம் நான்கு வாரம், 54 நிலையங்களில், பயணிகளுக்கு அறிவிப்பு ஒட்டிவிட்டு வைஃபை எண்களை மறைகுறியாக்கிச் சேகரித்தது. 56 லட்சம் கருவிகள் அதில் வந்தன. கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூ போக மக்கள் 18 வழிகளில் போகிறார்கள் என்று தெரிந்தது. டிக்கெட்டை வைத்து இது தெரியவே தெரியாது. நெரிசலைக் குறைக்க உதவும் தகவல், குறை சொல்ல மாட்டேன்.

லண்டனில் அது சரி. இங்கே? 2013-ல் ஓர் ஐரோப்பிய நாட்டில் 15 லட்சம் பேரின் கைபேசித் தரவை ஆராய்ந்தார்கள். பெயர் நீக்கிய தரவுதான். டவர் அளவுக்குத் தோராயமான இடம், மணி அளவுக்குத் தோராயமான நேரம். ஒருவர் இருந்த நான்கு இடம், நான்கு நேரம் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம் என்று கண்டார்கள்.

அது ஜனம் நிறைந்த இடத்துக் கணக்கு. நம் ஊரில் நான்கு எதற்கு? கட்டபெட்டு தாண்டி ஏதோ ஒரு ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, போகும் கடைசி மினி பஸ்ஸில் ஒரு பத்துப் பேர் இருப்பார்களா? அந்தப் பத்துப் பேரில் காலை ஆறு மணிக்கு வெலிங்டன் பக்கம் வேலைக்கு வருகிறவர் எத்தனை பேர்? இரண்டு புள்ளியில் ஆள் கிடைத்துவிட்டார். பெயர் தேவையே இல்லை, டீக்கடையில் கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுவார்கள்.

'அநாமதேயத் தரவு' என்று ஒரு நிறுவனம் சொன்னால் நகரத்து ஆள் பாதி நம்பலாம். முப்பது வீடு உள்ள ஊர்க்காரர் நம்பக்கூடாது என்பது என் கட்சி.

கூடவே ஒரு சின்ன விளையாட்டு. பேருந்து நிலையத்தில் நின்று உங்கள் போனின் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். யாரோ ஒருவரின் முழுப் பெயர், அதோடு கல்லூரி பெயர். இன்னொருவர் ஹாட்ஸ்பாட்டுக்கு வண்டி நம்பரையே வைத்திருப்பார். மேக் முகவரியை மறைக்கப் பொறியாளர்கள் பத்து வருடம் பாடுபட்டார்கள். நாம் போனுக்கு அப்பா வைத்த பெயரையே சூட்டி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்கோ ஹாட்ஸ்பாட் பகுதிக்கோ போய் அதை முதலில் மாற்றுங்கள். 'கேரட்' என்று வைத்தாலும் போதும்.

"டவரை வச்சு போலீஸ் பிடிச்சிடறாங்களே, எவ்வளவு துல்லியம்?"

போன் எந்த டவரோடு, அதன் எந்தப் பக்கத்தோடு பேசுகிறது என்பது பதிவாகும். பொதுவாக ஒரு டவருக்கு மூன்று பக்கம். சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்துத் தூரமும் ஓரளவு தெரியும். 2ஜியில் அது ஏறத்தாழ 550 மீட்டர் கட்டங்களாக, 4ஜியில் ஏறத்தாழ 78 மீட்டர் கட்டங்களாக.

சமவெளியில் இது ஒழுங்காக இருக்கும். மலையில் கதையே வேறு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் டவர் கண்ணுக்கு நேரே தெரிவதால் சிக்னல் அதிலிருந்து வரும். இந்தப் பக்கம் அரை கிலோமீட்டரில் இருக்கும் டவர் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்தப் பக்கத்து டவர் கூப்பிடு தூரம்தான், ஆனால் வண்டியில் போக முக்கால் மணி நேரம். பந்தலூர்ப் பக்கம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே 'கேரளாவுக்கு வரவேற்கிறோம்' என்று செய்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். டால்பின் நோஸ் முனையில் நின்றால் கீழே சமவெளி டவர் பிடிக்கலாம். ஆகவே மலையில் டவர் பதிவு ஒருவர் எங்கே இருந்தார் என்பதற்கு ஒரு துப்புதான், சாட்சியம் என்று அதை மட்டும் நம்பிவிடக்கூடாது. வழக்கறிஞர்கள் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவு எத்தனை நாள் இருக்கும்? அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு உரிம விதியைத் திருத்தினார்கள். அதற்கு முன் ஓராண்டு. காவல்துறை முறைப்படி எழுதிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தனியார் யாரும் கேட்டு வாங்க முடியாது. 'ஐயாயிரம் கொடுங்க, உங்க மாப்பிள்ளையோட டவர் லிஸ்ட் எடுத்துத் தர்றேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் ஏமாற்றுகிறார், இல்லையென்றால் குற்றம் செய்கிறார். 2013-ல் அருண் ஜெட்லியின் அழைப்புப் பதிவை முறைகேடாக எடுக்கப் பார்த்த விவகாரத்தில் டெல்லி காவலர் ஒருவர் உட்படச் சிலர் கைதானார்கள். எதிர்க்கட்சித் தலைவர் பதிவுக்கே அந்த நிலை.

"மூடுபனி வந்தா சிக்னல் போயிடுது. அப்ப நம்மையும் கண்டுபிடிக்க முடியாதா?"

நல்ல ஆசை. போன் பயன்படுத்தும் அலைவரிசைகளைப் பனி பெரிதாகத் தொடுவதில்லை. ஈரம் சொட்டும் இலைகளும் மரங்களும் கொஞ்சம் உறிஞ்சும். பனி நாளில் சிக்னல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், மரம் விழுந்து கரண்ட் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடுவது. அல்லது மண் சரிந்து கேபிள் அறுவது.

"மேய்ச்சலுக்குப் போற மாட்டுக்கு ஏர்டேக் கட்டலாமா?"

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் கேட்டது. மாலையில் மாடு திரும்பாவிட்டால் சிறுத்தையா, பக்கத்து ஊரா என்று தெரியாமல் டார்ச் எடுத்துக்கொண்டு சோலைக்குள் போக வேண்டியிருக்கிறதாம்.

வேண்டாம் ஐயா என்றேன். ஏர்டேக் என்பது சாவிக்கொத்து, பை தொலைந்தால் தேட ஆப்பிள் விற்கும் சின்ன வில்லை. ஏர்டேக்குக்கு ஜிபிஎஸ்ஸும் கிடையாது, சிம்மும் கிடையாது. சின்ன பட்டன் பேட்டரியில் ஓடும் புளூடூத் குரல் மட்டும்தான். அந்தக் குரலைப் பக்கத்தில் போகும் யாரோ ஒருவரின் ஐபோன் கேட்டு, தன் இடத்தைச் சேர்த்து ஆப்பிளுக்கு அனுப்பினால்தான் உங்களுக்குத் தெரியும். ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மாடு தொலைந்தால் நொடியில் கிடைக்கும். சோலைக்குள் ஐபோனோடு யார் போகிறார்கள்? சிம் போட்ட ஜிபிஎஸ் கருவி உண்டு, ஆனால் அங்கே டவரும் எடுக்காது. மணியே கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு விற்பனை போனது.

மாட்டுக்குப் பயன்படாத அதே காரணம், கூட்டத்தில் மனிதருக்கு எதிராக அதை ரொம்பப் பயங்கரமாக்குகிறது. அடுத்த கேள்விக்கு வருகிறேன்.

"எனக்குத் தெரியாம என் பையில யாராவது அந்த டேக்கைப் போட்டுட்டா?"

2021-ல் ஏர்டேக் வந்த கொஞ்ச நாளிலேயே இந்தப் பயம் உண்மையானது. இப்போது ஐபோனும், ஆண்ட்ராய்டு 6-ம் அதற்கு மேற்பட்டதும் உள்ள போன்களும் 'தெரியாத டேக் ஒன்று உங்களோடு வருகிறது' என்று எச்சரிக்கும். 2024 மே மாதத்தில் ஆப்பிளும் கூகுளும் ஒரே முறைக்கு வந்துவிட்டன.

எச்சரிக்கை வந்தால் பதறி ஆற்றில் எறியாதீர்கள். சீசனில் ஓர் அக்கா முகம் வெளுத்துக் கடைக்குள் வந்தார். வாடகைக் காரில் குடும்பத்தோடு வந்தவர். நானும் அவரும் சேர்ந்து தேடினோம். டிக்கியில் கொழுந்தனாரின் டேக் மாட்டிய சாவிக்கொத்து கிடந்தது. அவர் முந்தைய நாளே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டார். சிரித்துக்கொண்டே போனார்கள். எல்லாருக்கும் அப்படி முடியாது.

டேக் கிடைத்தால் என்எஃப்சி (ஒட்டி வைத்தால் படிக்கும் வசதி) உள்ள போனின் பின்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிசை எண் வரும், உரிமையாளர் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் சில நேரம் வரும். அதைப் படம் எடுத்து வையுங்கள். அந்த வரிசை எண் வாங்கியவரின் கணக்கோடு கட்டப்பட்டது, காவல்துறை கேட்டால் ஆள் கிடைப்பார். முதுகு மூடியை அழுத்தி இடப்பக்கமாகத் திருகினால் பேட்டரி கழன்றுவிடும். ஆனால் வைத்தவர் யார் என்று உங்களுக்கே சந்தேகம் இருந்து, அவரால் ஆபத்து வரும் என்று பயந்தால், வீட்டில் வைத்துக் கழற்றாதீர்கள். டேக் கடைசியாகக் காட்டிய இடம் உங்கள் வீடாக இருக்கக் கூடாது. காவல் நிலையத்துக்கோ, நாலு பேர் இருக்கும் இடத்துக்கோ போய்க் கழற்றுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. ஒரு பெண்ணைப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா 78-ம் பிரிவின்படி குற்றம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிம் போட்ட மலிவு ஜிபிஎஸ் கருவி புளூடூத்தில் பேசாது. எந்த போனும் அதை எச்சரிக்காது. வண்டிக்கு அடியில் காந்தத்தில் ஒட்டியிருக்கிறதா, பேட்டரியிலிருந்து புதிதாக ஒயர் போகிறதா என்று மெக்கானிக்கை விட்டுத்தான் பார்க்க வேண்டும். சில வாடகை வண்டிகளில் சட்டப்படியே இடங்காட்டும் கருவி இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

"பொண்ணு கோயம்புத்தூர்ல படிக்கிறா. அவளுக்குத் தெரியாம லொக்கேஷன் ஷேர் போட்டுக் குடுங்க தம்பி."

மாட்டேன். இதற்கு என் கடையில் ஒரே பதில்தான், பல முறை சண்டையும் வந்திருக்கிறது.

தெரிந்து போடுங்கள். வாட்ஸ்அப் லைவ் லொக்கேஷன் 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று தானே நின்றுவிடும். ராத்திரி பஸ்ஸில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பிள்ளை எட்டு மணி நேரத்துக்குப் போட்டால் அம்மாவும் தூங்கலாம், பிள்ளையும் மூச்சு விடலாம். பயம் நியாயமானது. ஒளித்து வைப்பதுதான் நியாயமில்லை.

லண்டன் குப்பைத் தொட்டியைக் கேட்டு அதிர்ச்சியாகிறவர்கள் கவுன்டருக்கு வந்து, மனைவியின் போனை நீட்டி, 'இவ எங்க போறான்னு என் போன்ல தெரியணும்' என்கிறார்கள். நான் இந்தத் தொழிலில் பார்த்த உளவு வேலையில் பெரும்பாதி, நிறுவனம் செய்ததோ அரசு செய்ததோ இல்லை. வீட்டுக்குள் நடந்தது. அதற்கு மேக் முகவரியும் வேண்டாம், டவர் பட்டியலும் வேண்டாம். தூங்கும்போது விரலை எடுத்து வைத்தால் போதும்.

சட்டமும் இங்கே கொஞ்சம் கைவிடுகிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தனிமனிதர் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் தரவைத் தொடாது. அந்தச் சட்டம் நிறுவனங்களைப் பார்க்கிறது, கணவரைப் பார்க்காது. 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனரீதியான கொடுமையும் அடங்கும், அந்த வழி உண்டு. சந்தேகம் இருப்பவர்கள் கூகுள் மேப்பில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, 'லொக்கேஷன் ஷேரிங்' பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் ஜிமெயில் கணக்கு வேறு எந்தெந்த போன்களில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

"மூணு ரூம் ஹோம்ஸ்டே. விருந்தாளிகளுக்கு வைஃபை குடுக்கிறேன். நான் எதுல மாட்டுவேன்?"

உங்கள் ரவுட்டரின் உள்ளே யார் எப்போது இணைந்தார்கள், அவர்கள் போனுக்கு என்ன பெயர் என்று பட்டியல் கிடக்கும். அது உங்களுக்குத் தேவையில்லை என்றால் எடுத்து வைக்காதீர்கள், படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். ஒருவர் போட்டார். எந்த ஜோடி எந்த அறையில் என்று பேச்சு எங்கேயோ போய் முடிந்தது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் சொல்லிவிட்டார்கள். மேலே சொன்ன 2023 சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அதன் சாரம் எளிது: எதற்கு வாங்குகிறீர்கள் என்று சொல்லி, சம்மதத்தோடு வாங்கி, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

உங்கள் ரவுட்டரே ஓர் அடையாளக்கல் என்பது பலருக்குத் தெரியாது. தெருவில் போகும் போன்கள் உங்கள் வைஃபையின் எண்ணையும், அது எந்த இடத்தில் கேட்டது என்பதையும் கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் சொல்லி வைக்கின்றன. ஜிபிஎஸ் எடுக்காத இடத்தில் போன் இடம் காட்டுவது இப்படித்தான். வேண்டாமென்றால் வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு போட்டு, ஒட்டினாற்போல 'நோமேப்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் சேர்த்துவிடுங்கள். வீடு மாறும்போது ரவுட்டரைக் கையோடு எடுத்துப் போகிறவர்களுக்கு இது முக்கியம். பழைய வீட்டில் அதன் எண்ணைக் குறித்து வைத்தவர் புதிய வீட்டையும் தேடிப் பிடிக்க முடியும் என்று 2024-ல் மேரிலண்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிளின் பட்டியலை வைத்தே காட்டினார்கள்.

"இ-பாஸ் வாங்கினா போனை டிராக் பண்றாங்களா?"

இல்லை. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அதில் வண்டி எண், ஆட்கள், தேதி, கைபேசி எண்ணைக் கேட்கிறார்கள். கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ சோதனைச் சாவடியில் கியூஆர் குறியீட்டைப் பார்ப்பார்கள். அலைவரிசை வேலை எதுவும் அதில் இல்லை. நம்ம டிஎன் 43 வண்டிக்கு அந்தத் தொல்லையும் இல்லை. 'இ-பாஸ் எடுத்துத் தர்றேன்' என்று எண்ணையும் ஓடிபியையும் கேட்கும் போலித் தளங்களிடம் மட்டும் ஜாக்கிரதை.

"வைஃபை சுவருக்குள்ள ஆளைப் பார்க்குமாமே?"

ஆய்வகத்தில் பார்க்கும். உடம்பு அசையும்போது அலை எப்படிக் கலைகிறது என்பதை வைத்து, சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் நடமாட்டம் இருப்பதை 2013-லேயே எம்ஐடியில் காட்டினார்கள். அதற்குப் போனே தேவையில்லை என்பதுதான் சங்கடம். பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கு இதைச் செய்யப் போவதில்லை. அவர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொள்கிறார்.

"ஓட்டப் பயிற்சிக்கு ஆப் வச்சிருக்கேன். அதனால என்ன?"

ராணுவ முகாம் இருக்கும் வெலிங்டன் பக்கம் ஓடுகிறவர்கள் கேட்கிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஸ்ட்ராவா செயலி தன் பயனர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஒருவர் கவனித்தார்: இருட்டான பாலைவனத்துக்கு நடுவே ஒளிக்கோடுகள். ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய பாதைகள் அவை. யாருடைய பெயரும் அதில் இல்லை, பெயர் தேவையாகவும் இல்லை. தனிப்பட்ட பாதை என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலிலிருந்து பதிவைத் தொடங்காமல், ஒரு திருப்பம் தாண்டித் தொடங்குங்கள்.

"வைஃபை, புளூடூத் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டா போதுமா?"

மேலிருந்து இழுக்கும் பட்டியலில் அணைத்தால் ஐபோனில் இணைப்பு மட்டும்தான் விடுபடும், ரேடியோ அணையாது. செட்டிங்ஸுக்குள் போய் அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், லொக்கேஷன், அதற்குள் 'லொக்கேஷன் சர்வீசஸ்' என்று போனால் 'வைஃபை ஸ்கேனிங்', 'புளூடூத் ஸ்கேனிங்' என்று இரண்டு இருக்கும். வைஃபையை அணைத்த பிறகும் தேடிக்கொண்டே இருக்க அனுமதிப்பவை அவைதான். அவற்றையும் அணைத்துவிடுங்கள், பேட்டரியும் கொஞ்சம் மிச்சம். ஐபோன் 11-ம் அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் அணைத்து வைத்தாலும் கொஞ்ச நேரம் புளூடூத்தில் முனகிக்கொண்டிருக்கும். திருடு போனால் அது வரம். ரொம்ப ரகசியமான இடத்துக்குப் போகிறவர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். எங்கள் அப்பா வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் போனார், சாயந்திரம் வந்து எங்கே போனேன் என்று அம்மாவிடம் சொல்லாமலும் இருந்தார்.

"பழைய போனை உங்ககிட்டயே வித்துடலாமா?"

விற்கலாம், நல்ல விலை தருகிறேன். ஆனால் எதிரிலேயே உட்கார்ந்து உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள், பிறகு முழுவதும் அழியுங்கள். என் கடையிலேயே ஒரு தப்பு நடந்தது. கணக்கு நீக்காத ஒரு போனைச் சரியாகப் பார்க்காமல் வாங்கி, வேறொருவருக்கு விற்றுவிட்டேன். நான்கு மாதம் கழித்து முதல் சொந்தக்காரர் வந்து, 'என் பழைய போன் இப்ப கேத்தில ஒரு வீட்ல இருக்குது, காலைல ஒன்பதுக்கு அருவங்காட்டுக்குப் போகுது' என்று சிரித்தார். வாங்கியவர் ஒரு பெண். அவர் எங்கே குடியிருக்கிறார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்பது முகமே தெரியாத ஒருவருக்கு நான்கு மாதமாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே அந்தப் பெண்ணைத் தேடிப் போய், போனை வாங்கி, கணக்கை எடுத்துவிட்டு, நடந்ததையும் சொன்னேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது வாங்கும் ஒவ்வொரு போனிலும் *#06# அழுத்தி அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எழுதிக்கொண்டு, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் திருட்டுப் போனா என்று பார்க்கிறேன். கணக்கு நீக்கும்வரை பணம் எண்ணுவதில்லை. பத்து நிமிடம் ஆகும், வரும்போது கடவுச்சொல்லை மறக்காமல் கொண்டு வாருங்கள்.